ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் காரில் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி இறங்காமல் போனது. ஸ்விட்சை அழுத்தினால் 'டிக்' என்றுகூடச் சத்தமில்லை. ஒரு கண்ணாடிக்கெல்லாம் கதையா என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வானம் இருண்டிருந்தது. அவன் கண்ணாடியை இறக்க முயன்றான். வாழ்க்கையும் அப்படித்தான், சில சமயம்—"

மேலே எழுதக் கை கூசியது. அடித்துவிட்டேன்.

2

ஆகவே நடந்தது நடந்தபடி. அன்றாடம் காரை ஓட்டுபவள் மனைவி. அவள் அலுவலக வாசலில் ஒரு தடுப்பு உண்டு. கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டி அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். மூன்று வாரமாகக் கதவையே திறந்து, பாதி உடம்பை வெளியே தள்ளி, பின்னால் நிற்பவர்களின் ஹாரனையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

குற்றவாளி யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவளுடைய தம்பி. கண்ணாடி கெட்டதற்கு முந்தின நாள் காரை இரவல் வாங்கிப் போனவன். அன்று நல்ல மழை.

"கண்ணாடிய எறக்கிவிட்டுட்டு எங்கயாவது நின்னிருப்ப. தண்ணி உள்ள போயிருக்கு. ஒரு பொருள ஒழுங்கா வச்சிக்கத் தெரியாதவன் இனிமே இங்க வராத" என்று போனில் சொன்னாள்.

அவன் மறுக்கவில்லை. "சரிக்கா" என்றான். ஞாயிறு தவறாமல் எங்களோடு சாப்பிட்டவன், அதன்பிறகு வரவில்லை. அக்காவை விட்டால் அவனுக்கு வேறு ஆள் கிடையாது.

(இந்தத் தம்பி பாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கையில்லை. இந்தக் காலத்தில் எவன் எதிர்த்துப் பேசாமல் "சரிக்கா" என்பான்? திருத்தி எழுதும்போது அவனுக்கு நல்ல கோபம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. எடுத்துவிட்டேன்.)

3

இன்று காலை காரை வயரிங் பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் பட்டறையில் இரண்டு கார் நிற்கலாம், மூன்று நின்றன. பேசிக்கொண்டேதான் வேலை பார்ப்பார். பேச்சு நின்றால் கையும் நின்றுவிடும்.

"மத்த மூணு கண்ணாடியும் எறங்குதா?"

"எறங்குது."

"அப்ப ஃபியூஸக் குத்தம் சொல்லாதீங்க."

கதவிலிருந்து ஸ்விட்சை நெம்பி எடுத்தார். அதை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு துண்டு வயரால் மோட்டாருக்கு நேராகவே கரண்ட் கொடுத்தார். கண்ணாடி சர்ரென்று இறங்கியது.

"மோட்டார் பாவம் சார், அது மேல தப்பில்ல. ஸ்விட்ச்தான்."

(இந்த முறை எனக்குப் பிடித்திருந்தது. சந்தேகம் விழுந்த ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்திச் சோதித்து, தப்பு செய்யாததை முதலில் விடுதலை செய்துவிடுகிறார். எங்கள் வீட்டில் இந்த வழக்கம் இல்லை.)

4

ஸ்விட்சைப் பிரித்தார். உள்ளே பழுப்பாக ஏதோ பிசுபிசுவென்று படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"மழைத்தண்ணி இல்ல சார். காபி. சர்க்கரை தூக்கலாப் போட்ட காபி. யாரு கொட்டுனது?"

"நாங்க காருக்குள்ள காபியே குடிக்கிறதில்லையே" என்றேன்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையை மூன்று விதமாக எழுதிப் பார்த்து மூன்றையும் அடித்துவிட்டேன். அவர் ஸ்விட்சைக் கழுவித் துடைத்து மாட்டினார். வேலை செய்தது.

5

இனி மறைத்துப் பயனில்லை. முதல் பகுதியில் நான் ஒப்புக்கொண்டது பாதிதான். வீட்டில் சத்தம் என்று சொல்லி, நிறுத்தியிருக்கும் காரில் உட்கார்ந்துதான் கதை எழுதுவேன். தம்பி கார் கேட்டு வந்த அன்று, அவன் வருமுன், கதவில் ஸ்விட்சுக்குப் பக்கத்திலுள்ள கைதாங்கியில் காபியை வைத்திருந்தேன். நல்ல வரி ஒன்று தோன்றியது, கையை வீசினேன், கொட்டியது. கோப்பையைக்கூட எடுக்காமல் அந்த வரியோடு வீட்டுக்குள் ஓடிவிட்டேன். (வரியும் தேறவில்லை.)

மனைவி தம்பியைத் திட்டியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பட்டறையிலிருந்தே அவனுக்குப் போன் செய்தேன்.

"தப்பு என் மேலதான்பா. காபியக் கொட்டுனது நான்."

"தெரியும் மாமா. அன்னிக்குக் கார எடுத்தப்பவே பாத்தேன். கப்பு கீழ கெடந்துச்சு, ஸ்விட்செல்லாம் ஈரம். நாந்தான் தொடச்சேன்."

"அப்ப ஏன்டா அக்காகிட்ட சொல்லல?"



"நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன் மாமா."

6

முடிவுகள் கைவசம் இரண்டு இருந்தன. ஒன்று: 'பழைய ஸ்விட்ச், தானாகவே கெட்டுவிட்டதாம்' என்று மனைவியிடம் சொல்வது. தம்பியும் திரும்பி வருவான், நானும் தப்பிப்பேன். ரொம்ப வசதியான முடிவு. "நெனச்சேன் மாமா" காதிலிருக்க, அதை எழுதக் கை வரவில்லை. இரண்டு: நான் நெஞ்சை நிமிர்த்தி உண்மையைச் சொல்கிறேன், அவள் கண் கலங்கி என்னை—

இல்லை. அவளை உங்களுக்குத் தெரியாது.

எழுதி முடித்த தாள்களை ஒவ்வொன்றாக மேசையின் மறுபக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறேன். அவள் வாசித்துக்கொண்டிருக்கிறாள். ஃபியூஸ் வந்த இடத்தில் சிரித்தாள். "பரவால்லங்க, நல்லா வருது" என்றாள். இப்போது நான்காம் பகுதியின் கடைசியில் இருக்கிறாள். சிரிப்பைக் காணோம்.

"அடுத்த தாள் எங்க?" என்று கையை நீட்டினாள்.

கொடுத்துவிட்டேன். ஒரு முறை படித்தாள். கடைசி நான்கு வரிகளை மட்டும் மறுபடி படித்தாள். என்னைப் பார்க்காமல் போனை எடுத்து, தம்பியை அழைக்கிறாள்.

மணி போகிறது. அவன் எடுப்பானா, எடுத்தால் அக்கா என்ன சொல்வாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னைவிட நியாயமாக எழுதுவீர்கள். அவனோடு பேசி முடித்ததும் என் முறை வரும். அதை மட்டும் நீங்கள் பார்க்கவேண்டாம். தயவுசெய்து இப்போதே கிளம்பிவிடுங்கள்.