இரட்டைத் தையல்

கடைப் பெயர்ப் பதிவு அலுவலகக் குமாஸ்தா கணினியைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இந்தப் பேரை ஏற்கெனவே எடுத்துட்டாங்கம்மா.”

தையற்காரிக்கு நம்ப முடியவில்லை. ‘இரட்டைத் தையல்’ யாருக்கும் சட்டென்று தோன்றுகிற பெயரல்ல. அவளும் தங்கையும் ஒரே அறையில் முட்டிக்கொண்டு தைத்த காலத்தில் பிறந்தது. அக்கா ஓட்டிய தையல் மேலேயே தங்கை இன்னொன்று ஓட்டுவாள். துணி கிழிந்தாலும் கிழியும், தையல் விடாது. என்றாவது கடை வைத்தால் இதுதான் பெயர் என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகு, படுக்கையில் கிடந்த அம்மாவை யார் பார்த்துக்கொண்டது என்பதில் வார்த்தை தடித்தது. தங்கை தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனாள். போனவள் போனவள்தான். இப்போது இரண்டு தையலையும் அக்காவே ஓட்டுகிறாள். வாயாட ஆளில்லாமல் ரேடியோவைத் திட்டுகிறாள். நேற்றுதான் வாசலுக்கு ஒரு பலகை எழுதலாம் என்று தோன்றியது.

“யார் எடுத்தது?”

குமாஸ்தா திரையைத் திருப்பினார். தங்கையின் பெயர். பக்கத்து ஊர் முகவரி. ஒரு போன் நம்பர்.

“சொந்தமா?”

“கூடப் பிறந்தவ.”

“அப்புறமென்ன? சம்மதக் கடிதம் வாங்கிட்டு வாங்க, உங்களுக்கும் தந்துடலாம். இல்லன்னா வேற யோசிங்க. பேருக்கா பஞ்சம்? போன வாரம் ஒருத்தர் அவர் வீட்டுப் பூனை பேரையே வச்சிட்டுப் போனாரு.”

அவள் சிரிக்கவில்லை. வராந்தாவுக்கு வந்து நம்பரை அழுத்தினாள்.

“ரெட்டைத் தையல். சொல்லுங்க.”

பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு மெஷின்.

சம்மதம் கேட்க வந்த வாய் வேறெதையோ கேட்டது.

“ஒரு பேன்ட்டு இடுப்பு பிடிக்கணும். ரெண்டு தையல் போடுவீங்களா?”

“போடுவோம். கொஞ்சம் நாளாகும். அக்கா வெளிய போயிருக்காங்க.”

“எப்ப வருவாங்க?”

மெஷின் நின்றது.

“தெரியல.” குரல் இறங்கியிருந்தது. “பேர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

அவள் சுவரில் சாய்ந்தாள்.

“அக்கான்னே எழுதிக்கடி.”

 அந்தப் பக்கம் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. போனை மட்டும் இருவரும் வைக்கவில்லை.