வரிசை மாறிய படம்

1939 ஐப்பசியில் ராஜபாளையம் டெண்ட் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தபோது, மழையில் நனைந்து ரீல் டப்பாக்களின் நம்பரெல்லாம் அழிந்திருந்தது. ஆபரேட்டர் சுயம்புலிங்கம் தனக்குத் தோன்றிய வரிசையில் ஓட்டினான். குளத்தில் மூழ்கிச் செத்த சிறுமி, அடுத்த ரீலிலேயே கதவைத் திறந்துகொண்டு வந்து சோறு சாப்பிட்டாள். அதற்கும் பிறகுதான் அவளுடைய அம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது. ஜனங்கள் கூச்சல் போட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

ஏழெட்டுப் பேர் மட்டும் மறுநாளும் வந்தார்கள். அதற்கடுத்த நாளும் வந்தார்கள். வ. புதுப்பட்டியில் வெள்ளாமை செய்யும் சம்சாரி சங்கையா அவர்களில் ஒருவர்.

"என்ன வெளங்குதுன்னு தெனமும் வாரிய?" என்று சுயம்புலிங்கம் கேட்டான்.

"ஒண்ணும் வெளங்கலப்பா. வீட்டுக்குப் போயி கண்ண மூடினா அதுதான் ஓடுது. சொப்பனமும் இப்படித்தான முன்னபின்ன வருது?"

இன்னொருத்தி ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளி ஆசிரியை தேவகிருபை. பாதிரியார் கண்டித்தும் கேட்காமல் பஸ் ஏறி வந்தாள். யாரோடும் பேசமாட்டாள்.

பத்தாம் நாள் படக் கம்பெனியிலிருந்து சரியான வரிசை எழுதிய கடிதம் வந்தது. அதன்படி ஓட்டியதும் கதை எல்லோருக்கும் புரிந்தது. கொட்டகை நிறைந்தது. கடைசி ரீலில் சிறுமி குளத்தில் மூழ்கினாள். படம் முடிந்தது.

தேவகிருபை மெஷின் அறைக்கு வந்து நின்றாள்.

"தம்பி, பழையபடி ஓட்டுங்க."

"மொதலாளி வைவாரு டீச்சரம்மா. அதுதான் தப்பான வரிசை."

"எம் மகளும் போன வருசம் கம்மாயிலதான் முழுகிப் போனா. இங்க வந்தா அவ திரும்பி வீட்டுக்குள்ள வாரா. நீங்க இன்னைக்கு அவள தண்ணிலயே விட்டுட்டீங்களே!"

சுயம்புலிங்கத்துக்கு அன்று தூக்கம் வரவில்லை.

கடைசி நாள் ஆட்டத்தில் ரீல்களை மாற்றிப் போட்டான். கூட்டம் கத்தியது, மண்ணை வாரித் திரையில் எறிந்தது. முதலாளி அறைக்கதவை உடைப்பதுபோல் தட்டினார். அவன் திறக்கவில்லை. துவாரத்தின் வழியாகத் திரையைப் பார்த்தான். சிறுமி உள்ளே வந்தாள். உட்காருமுன் தலையைத் திருப்பி, நேராக அவனைப் பார்த்துச் சிரித்தாள். இருபது தடவை ஓட்டிய ரீல் அது. அப்படி ஒரு சிரிப்பை அவன் அதில் கண்டதில்லை.

அன்றே அவன் வேலை போயிற்று. வெளியே தேவகிருபை காத்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"இனி வரமாட்டேன் தம்பி. இன்னைக்கு உங்களப் பாத்தும் சிரிச்சாளே, கவனிச்சியளா?"

அவள் ஏறிய பஸ் போன பிறகும் வெகுநேரம் அவன் மழையில் அங்கேயே நின்றான்.