உதடு ஒட்டும் சொல்

திரையில் ஒரு கறுத்த முகம். பின்னால் ஜன்னல். ஜன்னலில் மழை. மழையின் வெளிச்சம் அந்தக் கன்னத்தில் மெல்ல வழிகிறது.

அமெரிக்காவில் எங்கோ ஓர் ஊர். அவன் பெயர் லையனல். ஆவணப்படம் எடுக்க வந்தவர்களிடம் தன் கதையைச் சொல்கிறான். சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் அறையில், கண்ணாடிக்கு உள்ளே நின்று, அவனுக்குத் தமிழில் குரல் கொடுக்கிறான் தணிகா.

தணிகாவும் கறுப்புதான். கறுப்பே அழகு, காந்தலே ருசி என்பார்கள். சொல்வதோடு சரி. நடிக்க வந்தவனிடம், "குரல் பிரமாதம் தம்பி, மூஞ்சிதான்..." என்று இழுத்தார்கள். அன்றிலிருந்து முகமில்லாத குரலானான்.

"கொஞ்சம் கரகரன்னு பேசு தணிகா. ரவுடி மாதிரி. கறுப்பன்ல?" என்றார் டப்பிங்கை நடத்தும் சாம்பசிவம்.

அட, கண்ணைத் திறந்து பாருங்களேன்! அந்த மனுஷன் தூங்குகிற குழந்தை பக்கத்தில் பேசுகிற மாதிரிப் பேசுகிறான். ஆம்பளை என்றால் அதட்ட வேண்டும். கறுப்பன் என்றால் மிரட்ட வேண்டும். அங்கேயும் அதே எழவுதான். படம் முழுக்க அவன் அதைத்தான் சொல்கிறான்.

அடுத்தது, லையனல் வாய்க்கு வாய் சொல்லும் கர்ட்டிஸ் செத்துப்போன நாளைப் பற்றிய வசனம். காலையிலிருந்தே தணிகாவுக்கு அதன்மேல்தான் கண்.

"சாவு வீட்டுல என்னை நண்பன்னு சொன்னாங்க." நீண்ட மௌனம். மழை. "இல்லை. அவன் என் காதலன்."

பேசினான். தணிகாவின் மனசும் ஆண்களிடம்தான் போகும். வாழ்நாளில் யாரிடமும் சொல்லாததை, இன்னொருவன் பெயரில், ஒரு மைக்கிடம் சொன்னான். குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டான். உடம்பே லேசாகிவிட்டது.

"பின்னிட்டடா! ஆனா இது வேணாம்," என்றார் சாம்பசிவம். "குடும்பத்தோட பாக்குற சேனல். இல்லைங்கறத ஆமான்னு மாத்திடு. காதலனை நண்பனாக்கிடு."

"சார், அதுக்குத்தானே அந்தாளு அழுவுறான்?"

"அவன் வாயப் பாரு, மூடுது. காதலன்னா உதடு ஒட்டுதா? நண்பன்னா கச்சிதமா ஒட்டுது."

ஒட்டத்தான் செய்தது. பாழாய்ப்போன உதடு!

முரண்டு பிடித்தால் வேறு குரல் வரும். அதுகூடப் பரவாயில்லை. உனக்கேன் இவ்வளவு அக்கறை என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தே நண்பன் என்று மாற்றிப் பேசிவிட்டான். முதலில் பேசியதை அழித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இங்கேயும் மழை. மகன் குரலைக் கேட்க டிவி முன்னால் அம்மா. மடியில் ஆய்ந்த கீரை. பக்கத்தில் தணிகா.

"சாவு வீட்டுல என்னை நண்பன்னு சொன்னாங்க," என்றது டிவி. மௌனம்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஒரு சிநேகிதனுக்கே இப்படி உருகுறானே! இவனுக்கு ஒருத்தியக் கட்டி வெச்சா எப்படித் தாங்குவான்! உனக்கும் காலாகாலத்துல..."

தணிகாவுக்குப் பொறுக்கவில்லை. இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது.

"சிநேகிதன் இல்லம்மா," என்றான். "அவங்க ரெண்டு பேரும்... நானும்கூட..."

அவன் குரலே டிவியிலிருந்து குறுக்கே வந்தது.

"ஆமா. அவன் என் நண்பன்."

"அவனே தன் வாயால சொல்றான்," என்றாள் அம்மா. "நீ என்னடா புதுசா?"