நாலாம் பக்கத்துக்கு ஒரு ஆள்

"ஒரு போர்வை தைக்க எதுக்குடி ரெண்டு நாளு? அதுவும் திருச்சுழி வரைக்கும் போயி?"

இதத்தான் நான் மொதல்ல கேட்டேன். எதிர்வீட்டுத் தெரசாள் சிரிச்சுக்கிட்டே, "வந்து பாரு, தெரியும்"னா. அதுக்கு மேல வாயத் தொறக்கல. ஒருத்தி ஒரு விசயத்தப் பாதியில நிறுத்துனா, மீதி தெரியிற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. அது பாளையம்பட்டி முழுக்கத் தெரியும். தெரசாளுக்குத் தெரியாதா?

தெரசாள் மிஷின் போட்டுத் தைக்கிறவ. மாசத்துல ஒரு சனிக்கிழமை வெட்டுத்துணி மூட்டையத் தூக்கிக்கிட்டுத் திருச்சுழி பஸ்ஸு ஏறுவா. ஞாயித்துக்கிழமை பொழுது சாயத்தான் திரும்புவா. வரும்போது மொகம் கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்தவ மாதிரி இருக்கும். அங்க ரோஸி டீச்சர் வீட்டுல நாலு பொம்பளைக கூடி ஒட்டுத்துணிப் போர்வை தைப்பாகளாம். நாலு பக்கத்துக்கு நாலு பேரு. நாலாவது ஆளுக்கு மதுரைப் பக்கம் மாத்தலாகிப் போச்சாம். "நீ வாரியா?"ன்னு கேட்டா. எழுபத்தொண்ணாம் வருசம், பொங்கல் கழிஞ்ச மறு வாரம் அது.

எங்க வீட்டுக்காரருக்குப் பலசரக்குக் கடை. "போர்வைதான வேணும்? டவுன்ல வாங்கியாரேன்"னாரு. போர்வை யாருக்கு வேணும்? நாலு பொம்பளைக ஆம்பளை தொந்தரவு இல்லாம ரெண்டு நாளு என்னதான் செய்வாளுகன்னு எனக்குத் தெரியணும். பிள்ளைகள மாமியாகிட்ட விட்டுட்டு, கடையில இருந்து ஒரு பொட்டலம் காராச்சேவு கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

ரோஸி டீச்சர் வீடு ஓட்டு வீடு. வீட்டுக்காரர் ஜான்ராஜ் வாத்தியார அந்த ரெண்டு நாளும் அவுக அம்மா வீட்டுக்குப் பத்தி விட்டுருமாம் டீச்சர். "அவுகளும் சந்தோசமாத்தான் போறாக"ன்னு சொல்லிச் சிரிச்சுது. நடுக்கூடத்துல பாய விரிச்சு, அதுமேல போர்வையையும் விரிச்சு வச்சிருந்தாக. மேல தெரசாள் மிஷின்ல ஒட்டுன துண்டுக, அடியில ஒரு வெள்ளை வேட்டி, நடுவுல பழந்துணி. எல்லாத்தையும் ஓரத்துல பெருந்தையல் போட்டுப் பிடிச்சிருந்துது. இனி ஆளுக்கொரு பக்கமா உக்காந்து, சின்னச் சின்னத் தையலா ஓட்டிக்கிட்டே நடுவுக்கு வரணும். அதான் வேலை.

எனக்கு எதிர்ப்பக்கம் ஒரு அம்மா உக்காந்திருந்துச்சு. அம்பது வயசு இருக்கும். பேரு தங்கம்மா, அந்த ஊருதான். கழுத்துல கயித்தத் தவிர வேற ஒண்ணும் இல்ல. ஆனா தையலப் பாக்கணுமே! எறும்பு போற மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணு. நமக்கோ காக்கா நடந்த மாதிரி.

"இவ சௌந்தரம். காசிராஜன் அண்ணாச்சி சம்சாரம்"னு தெரசாள் சொன்னா. உடனே மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாக. என் கண்ணுக்குத் தப்புமா? சரி, ஏதோ இருக்குன்னு நெனச்சேன்.

"இந்தப் போர்வை யாருக்கு?"ன்னு கேட்டேன்.

"ஒரு பச்சப்புள்ளைக்கு"ன்னுச்சு ரோஸி டீச்சர்.

"யாரு வீட்டுப் புள்ளை?"

"தையல் நேரா வருதா பாருங்க"ன்னுச்சு டீச்சர். சொல்லாதாம்! எனக்கு உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு வந்துச்சு.

ஆனா ஒண்ணு சொல்லணும். அன்னைக்கி மாதிரி நான் சிரிச்சதில்ல. கதை பேசிக்கிட்டே தைக்க, ஊசிக்கு நூலு கோக்க முடியாதவள மத்தவ கேலி பண்ண, பூண்டுக் கொழம்ப எறக்கி வச்சுட்டு உக்காந்த எடத்துலயே சாப்பிட. "தண்ணி கொண்டா"ங்க ஒரு ஆம்பளை இல்ல. என் காராச்சேவு அரை மணி நேரம் தாங்கல. வந்த எடத்துல சும்மா இருக்கக் கூடாதேன்னு நானும் ஒரு கதை எடுத்து விட்டேன். எங்க நாத்தனா கதை.

எங்க வீட்டுக்காரரோட அக்கா ராக்கம்மா மதினி, மல்லாங்கிணறுல வாக்கப்பட்டவுக. மகனுக்குத் திருச்சுழிப் பக்கம்தான் பொண்ணு எடுத்தாக, முத்துலட்சுமின்னு. கல்யாணத்தப்ப நான் கைப்பிள்ளைக்காரி, போக முடியல. போன வருசம் தலைப்பொங்கல் சீரு கொண்டு வந்த பொண்ணோட ஆத்தா, சம்பந்திக்குப் பட்டு வைக்காம நூல் சேலை வச்சுட்டாளாம். வெங்காயத் தோலு நெறத்துல மஞ்சக்கரை. "இத எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிறவ கூடக் கட்ட மாட்டா"ன்னு மதினி அதத் தெருவுல வீசிட்டாக. அந்த ஆத்தாகாரி சும்மா இருந்தாளா? குனிஞ்சு எடுத்து, மண்ண ஒதறி, "கட்டத் தெரிஞ்சவளுக்குத்தான் சேலை அருமை தெரியும்"னு சொல்லிட்டுப் போயிட்டா. அன்னைக்கோட ரெண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்னு போச்சு. முத்துலட்சுமியத் தலைப்பிரசவத்துக்குக் கூடத் தாய் வீட்டுக்கு அனுப்பல. கார்த்திகையில பிள்ளை பெறந்து, இன்னைக்கி வரைக்கும் அந்த ஆத்தா பேத்தி மொகத்தப் பாத்ததில்ல.

இத நான் மதினி மாதிரியே கைய ஆட்டி, மூக்க விடைச்சுச் சொன்னேன். யாரும் சிரிக்கல.

தங்கம்மா ஊசிய நிறுத்தி, "அந்தப் புள்ளை எப்படி இருக்கு?"ன்னு கேட்டுச்சு.

"எந்தப் புள்ளை?"

"பேத்தின்னு சொன்னியே."

"நல்லா கொழுகொழுன்னு இருக்கு."

"தலையில முடி இருக்கா?"

"காடா இருக்கு."

"நெறம்?"

"ஆத்தாள மாதிரி மாநெறம். சிரிச்சா எடது கன்னத்துல குழி விழுகுது."

"பாலு குடிக்கிதா? ராத்திரில அழுகுதா? தாய்க்காரி ஒடம்பு தேறிட்டாளா?"

என்னைவிட வம்புக்காரியா இருக்கேன்னு எனக்கு ஆச்சரியம். ஒண்ணு விடாம சொன்னேன். பகல்ல அந்தப் புள்ளை கண்ணு மூடாது, மடியிலயே கெடக்கணும், கீழ போட்டா வீல்னு கத்தும்னும் சொன்னேன். தங்கம்மா தலையக் குனிஞ்சு மறுபடி தைக்க ஆரம்பிச்சுது. தெரசாள் எந்திரிச்சுப் போயித் தண்ணி குடிச்சா.

ஞாயித்துக்கிழமை காலையில இருந்து எனக்கு நடுவுல இருக்கிற துணி மேலயே கண்ணு. மத்த எடமெல்லாம் கெட்டியா இருக்கு, தங்கம்மா பக்கம் மட்டும் கை வச்சா வெண்ணெய் கணக்கா எறங்குது. "உள்ள என்ன துணி?"ன்னு கேட்டா, "பழசுதான்"னு ஒரே பதிலு. நான் அந்தப் பக்கம் நகந்தா, அந்த அம்மா முழங்கால வச்சு ஓரத்த அமுக்கிக்கிருது. என்ன புதையலா வச்சிருக்காக? கண்ண அங்கேயே வச்சுக்கிட்டு, கைய மட்டும் ஓட்டிக்கிட்டு இருந்தேன்.

மத்தியானம் ரோஸி டீச்சர் காப்பித் தூக்கோட வந்துச்சு. தங்கம்மா டம்ளர வாங்கக் கைய நீட்டுன நேரம், இதான் சமயம்னு நான் வெடுக்குன்னு எந்திரிச்சேன். பர்ர்னு ஒரு சத்தம். போர்வையும் என்கூடவே எந்திரிச்சு வருது! கண்ண எங்கேயோ வச்சுத் தைச்சதுல, என் மடியில கெடந்த சேலையையும் போர்வையோட சேத்துத் தைச்சிருக்கேன். சேலை கிழிஞ்சு, அந்தப் பக்கம் தங்கம்மா முழங்கால்ல அமுக்கியிருந்த ஓரமும் பிரிஞ்சு, உள்ள இருந்த துணி வெளிய வந்து தொங்குச்சு.

வெங்காயத் தோலு நெறம். மஞ்சக்கரை.

மதினி அந்தச் சேலையப் பத்தி எத்தனை தடவ சொல்லியிருப்பாக! பாக்காமலே எனக்குப் பாடம். நான் சேலையப் பாக்குறேன், தங்கம்மாவப் பாக்குறேன். முந்தின நாளு இந்த அம்மா முன்னாலயா மூக்க விடைச்சுக்கிட்டு அந்தக் கதையச் சொன்னேன்? அடி பாதகத்தி, பூமி பொளந்து உள்ள இழுத்துக்கிறாதான்னு இருந்துச்சு. வெக்கம் போன மறு நிமிசம் கோவம் வந்துச்சு.

"ஏ தெரசா, இதுக்குத்தான் என்னய..."

"அசையாத. உக்காரு"ன்னுச்சு தங்கம்மா. "கிழிசலோட பஸ்ஸு ஏறப் போறியா?" ஊசியில நூலு கோத்து, ஒரு துண்டு நூல என் வாயில திணிச்சுது. "கட்டுன சேலையில ஊசி படும்போது நூலக் கவ்விக்கிறணும். பேசக் கூடாது. தெரியும்ல?"

தெரியாம என்ன? எங்க ஊருலயும் அதான் பழக்கம். பேசுனா குடும்பத்துக்கு ஆகாதும்பாக. பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்தேன். தெரசாளுக்கு ஒரே சிரிப்பு. "இவ வாய அடைக்க ஒரு முழ நூலு போதும்னு இத்தனை வருசமா தெரியாமப் போச்சே"ன்னா. நான் கண்ணாலயே அவள எரிச்சேன்.

தங்கம்மா என் காலடியில உக்காந்து, கிழிசல இழுத்துப் பிடிச்சுத் தைச்சுக்கிட்டே பேசுச்சு.

"உன் நாத்தனா வீசுன சேலைதான். வீசுனத வீட்டுல வச்சுப் பூட்டவா முடியும்? நானே கட்டுனேன். கோவத்துலதான் மொதல்ல கட்டுனேன். தோச்சுத் தோச்சுக் கட்டுனேன், இப்ப மெத்துன்னு ஆயிருச்சு. பச்சப்புள்ளைய ஆத்தா வீட்டுப் பழஞ்சேலையிலதான போடணும்? என் மக பெத்த புள்ளைக்கு அது கெடைக்கல. நான் கொண்டு போனா வாசல்லயே எறிவா. நீ கொண்டு போனா வாங்குவா. உள்ள இருக்கிறது யாருக்கும் தெரிய வேண்டாம். நான் கூடப் பாக்க வேண்டாம். புள்ளை அதுல படுத்தாப் போதும்."

நூலு என் வாயில. கண்ணுல தண்ணி ஒழுகுது, தொடைக்கக் கூட அசைய முடியல. அந்த அம்மா முடிச்சுப் போட்டு, நூலப் பல்லால கடிச்சு, "இப்பப் பேசு"ன்னுச்சு.

நூலத் துப்புனேன். தெரசாளத்தான் பிடிச்சேன். "மொதல்லயே சொல்லித் தொலைஞ்சா என்னடி?"

"சொல்லியிருந்தா, பஸ்ஸு ஏறுமுன்ன அஞ்சு தெருவுக்குத் தெரிஞ்சிருக்கும்"னா.

பிரிஞ்ச ஓரத்த, "நான் கிழிச்சது, நானே தைக்கிறேன்"னு வீம்புக்கு வாங்குனேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு. அவசரத்துல நாலு இழு இழுத்து மூடிட்டு எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன்.

மறுநா விருதுநகர் பஸ்ஸுல ஏறி மல்லாங்கிணறுல எறங்குனேன். மதினி முத்தத்துல மல்லி காயப் போட்டுக்கிட்டு இருந்தாக. முத்துலட்சுமி புள்ளைய மடியில போட்டு ஆட்டிக்கிட்டு இருந்தா. போர்வைய விரிச்சேன். "நான் தைச்சது மதினி, நம்ம புள்ளைக்கு"ன்னேன்.

"நீயா?" மதினி என் பக்கத் தையலப் பாத்துட்டு, "ஆமா, நீதான்"னு சொல்லிச் சிரிச்சாக. சிரிச்சுக்கிட்டே எதிர்ப்பக்கம் கைய ஓட்டுனாக. "இது நல்லா இருக்கே. என்ன இப்படி மெத்துன்னு இருக்கு?"ன்னு முத்துலட்சுமி மடியில இருந்த புள்ளைய வாங்கி அதுல போட்டாக. புள்ளை ஒரு தடவ காலு ரெண்டையும் ஒதைச்சுது. அப்புறம் அப்படியே தூங்கிப் போச்சு. கத்தவே இல்ல.

"பாரேன்!"னு மதினிக்கு வாயெல்லாம் பல்லு. ஓரத்தத் தடவுனவுக வெரலு, நான் அவசரத்துல மூடுன எடத்துல உள்ள போயிருச்சு. என்னமோ துணின்னு லேசா வெளிய இழுத்தாக.

மஞ்சக்கரை வெளிய வந்துச்சு.

மதினி சிரிப்பு நின்னு போச்சு. கரைய வெரலால நீவிப் பாத்தாக. முத்துலட்சுமிக்கு மொகத்துல ரத்தமே இல்ல. அவளும் பாத்துட்டா. புள்ளையப் போர்வையோட வாசல்ல எறிஞ்சுருவாகளோன்னு பயந்தாளோ என்னமோ, ரெண்டு கையையும் புள்ளை மேல வச்சுக்கிட்டா.

மதினி சேலைய வெரலால கசக்கிப் பாத்தாக. அந்தச் சேலை எத்தனை தோச்சலுக்கு இப்படி ஆகியிருக்கும்னு அவுகளுக்குத் தெரியாதா? அவுகளும் சேலை கட்டுற பொம்பளைதான். அப்புறம் மருமகளப் பாத்து, "ஊசி நூலு எடுத்துட்டு வா"ன்னாக. சேலைய உள்ள தள்ளி, புள்ளை முழிச்சுக்கிறாம, தன் கையாலயே ஓரத்தத் தைச்சு மூடுனாக. "புள்ளை வெரலு மாட்டிக்கிரும்"னு மட்டும் சொன்னாக.

நூல அத்துட்டு என்னப் பாத்தாக. "உங்க தையலு அடுத்து எப்ப?"

"வார மாசம் மதினி, திருச்சுழில."

"நானும் வாரேன். புள்ளைய யாருகிட்ட விட்டுட்டு வர? அதையும் தூக்கிக்கிட்டுத்தான் வரணும். புள்ளை வந்தா அவ ஆத்தாளும் வரணும், பாலு குடுக்கணும்ல." மூக்க விடைச்சாக. "ஆனா அங்க எவகூடவும் நான் பேச மாட்டேன். இப்பவே சொல்லிப்புட்டேன்."

முத்துலட்சுமி எந்திரிச்சுப் போயி, கொடியில கெடந்த புள்ளைச் சட்டைகள எல்லாம் உருவி, மடிச்சு ஒரு பையில வைக்க ஆரம்பிச்சா.

"ஏண்டி, அதுக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கு"ன்னாக மதினி.

"கெடக்கட்டும் அத்தை"ன்னா. அவ மடிச்சுக்கிட்டே இருந்தா.