நாற்பது குறைத்து நாற்பது ஏற்றியது

"டீ அறுபது பர்சென்ட் ஆறிடுச்சு. மீதி நாப்பதை நான் ஊதிக்கிறேன்" என்றார் என் வீட்டுக்காரர். செருப்பை மாட்டிக்கொண்டே, அவருடைய சூப்பர்வைசரைப் போல முகவாயைத் தூக்கிவைத்துக்கொண்டு சொன்னார். அந்த ஆளுக்கு எதையும் சதவீதத்தில் சொன்னால்தான் வாய் நிறையும். வேலை எழுபது பர்சென்ட் முடிஞ்சாச்சு, மழை இருபது பர்சென்ட்தான் வரும், உனக்கு மூளை பத்து பர்சென்ட். "நேரமாகுது, நூறு பர்சென்ட்டும் குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றேன். சிரித்தார். புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே போனார்.

உயரமான கட்டிடங்களுக்கு வெளிச்சுவரில் பெயின்ட் அடிப்பது அவருக்கு வேலை. மொட்டைமாடியிலிருந்து கம்பி வடத்தில் மேடையைத் தொங்கவிடுவார்கள். அது கவிழாமலிருக்க மாடியில் பின்பக்கம் பாரத்துக்கு இரும்புக் கட்டிகளை அடுக்கியிருப்பார்கள். அங்கே ஐம்பது கட்டிகள் இருந்தன. முந்தின நாள் அந்தப் பக்கம் வேலை இல்லை. மறுபக்கத்துக்குக் கட்டி வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் போனில், "நாப்பது பர்சென்ட் எடுத்துடு" என்றார். இருபது போயின. மறுநாள் காலை, "நாப்பது பர்சென்ட் ஏத்திடு" என்றார். முதல் நாள் வேறொருவன் எடுத்திருந்தான். அன்று மாடியில் நின்றவனுக்கு அது தெரியாது. கண்முன் இருந்த முப்பதுக்கு நாற்பது சதவீதம் கணக்குப் போட்டுப் பன்னிரண்டை ஏற்றினான். எட்டு குறைந்தது. என் வீட்டுக்காரர் மேடையில் கால் வைத்து ஒன்பதாம் மாடி வரைக்கும் இறங்கினார். அங்கே அடிக்கத் தொடங்கியதும் மேடை கவிழ்ந்தது.

மாடியில் நின்றவன்தான் இதை என்னிடம் சொன்னான். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "சார் சொன்னதத்தான் அண்ணி செஞ்சேன். வேணும்னு செய்யல அண்ணி." அழுதான். மறுவாரம் ஊரை விட்டே போய்விட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்த கோபம் முழுவதையும் ஒரே ஆளுக்கென்று வைத்திருந்தேன்.

விசாரணையில் நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. சூப்பர்வைசர் நிமிர்ந்து நின்று சொன்னார்: "எடுத்தது நாப்பது, போட்டது நாப்பது. கணக்கு சரி. நடுவுல அவர்தான் கட்டிய எடுத்திருக்கணும், மேடையை நகர்த்தச் சுளுவா இருக்கும்னு." விசாரிக்க வந்தவர்கள் தலையாட்டினார்கள். செத்தவர் வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. தன் உயிருக்குத் தானே உலை வைத்துக்கொண்டவர் என்று என் வீட்டுக்காரருக்குப் பெயராகிவிட்டது. அவர் தம்பியே ஒருநாள் என்னிடம், "அண்ணன் கொஞ்சம் அவசரக்காரர்தானே அண்ணி" என்றார். அவருக்கு அன்று நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். படத்தைச் சின்னதாக்குவதும் பெரிதாக்குவதும் சதவீதத்தில்தான். நாள் முழுக்க அந்தப் பொத்தான்களை அழுத்தும்போதெல்லாம் சூப்பர்வைசர் குரல் கேட்கும்: கணக்கு சரி. என்றாவது அந்த ஆள் இந்தப் படியேறுவார் என்று காத்திருந்தேன். கட்டிட வேலைக்காரர்கள் வரைபடம் எடுக்க எங்கள் கடைக்குத்தான் வருவார்கள்.

வந்தார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். என்னை அடையாளம் தெரியவில்லை. விசாரணையன்று அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே. ஒரு சுவரின் வரைபடத்தை நீட்டி, "ஃபைலுக்குள்ள அடங்குற மாதிரி சின்னதாக்கும்மா" என்றார். நாற்பது சதவீதம் குறைத்தேன். "ரொம்பப் பொடிசா இருக்கே. பழைய அளவுலயே ஒண்ணு குடு."

அசலைத் தொடவில்லை. பொடிசாக வந்த தாளையே கண்ணாடியில் கவிழ்த்து, நாற்பது சதவீதம் ஏற்றி எடுத்துக் கொடுத்தேன். அசல்மேல் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் விரல் விரலாக இடைவெளி.

"என்னம்மா இது, பொருந்தலையே?"

"குறைச்சது நாப்பது, ஏத்தினது நாப்பது. கணக்கு சரிதானே சார்?"

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். முகவாய் மெல்லக் கீழே இறங்கியது. அந்த இறக்கத்தைப் பார்க்கத்தான் நான் இத்தனை நாள் சாப்பிட்டேன், தூங்கினேன்.

"தெரியும்மா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "அன்னைக்கே மாடிக்குப் போய் எண்ணினேன். நாப்பத்திரண்டுதான் இருந்துச்சு. அப்பவே புரிஞ்சிடுச்சு."

"புரிஞ்சுதான் அவர் மேல போட்டீங்களா? சத்தமாச் சொல்லுங்க. இவங்களுக்கும் கேக்கட்டும்."

"எனக்கும் குடும்பம் இருக்கும்மா."

"எனக்கும் இருந்துச்சு."

தாள்களை விட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். வரிசையில் நின்ற பெரியம்மா, "யாருடியம்மா அது, பேயறைஞ்ச மாதிரி போறான்?" என்றாள். சொன்னேன். எந்தக் கட்டிடம், எந்தக் கம்பெனி, என்ன வேலை பார்க்கிறவர், எத்தனை கட்டி என்று ஒன்று விடாமல் சொன்னேன். "கட்டையில போறவன்" என்று அவள் வாய் நிறையத் திட்டினாள். காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

அசலையும் நகலையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடை முகப்பில் ஒட்டிவைத்திருக்கிறேன். இது என்ன என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அந்தக் கம்பெனி ஆட்களும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். சூப்பர்வைசர் இப்போதெல்லாம் இந்தத் தெருவுக்குள் வராமல் சுற்றிக்கொண்டு போகிறாராம். என் வீட்டுக்காரரின் அண்ணன் வந்து, "விட்டுடும்மா, போதும்" என்றார். "போதாது மாமா" என்றேன்.

கடைப் படியில் நின்றால் அந்தக் கட்டிடம் தெரியும். மற்ற சுவர்களை முடித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அடித்த சுவரில் மட்டும் அதன்பிறகு யாரும் மேடையைத் தொங்கவிடவில்லை. ஒன்பதாம் மாடி ஜன்னலை ஒட்டிப் பழைய சாம்பல் நிறத்தின்மேல் ஒரு கை எட்டும் தூரத்துக்குப் புது வெள்ளை அடித்திருக்கிறது. ஓரம் நூல் பிடித்தாற்போல நேராக இருக்கிறது.