வாய்க்கால் நடுவில் சாம்பல் கட்டம்

செண்பகத்தின் வேலை என்னவென்று அவள் அம்மாவுக்கே இன்றுவரை விளங்கவில்லை. திண்டிவனத்தில் ஒரு டிபன் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன கம்பெனி, மேலிருந்து ட்ரோனில் எடுத்த நிலப்படங்களை இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தது. நல்ல இணைப்பு உள்ளவர்களுக்குப் படம் உடனே வந்துவிடும். சிக்னல் பாதி நாள் லீவு எடுக்கும் ஊர்களுக்குத்தான் செண்பகம். பெரிய படத்தைச் சின்னக் கட்டங்களாக வெட்டி, முதலில் மங்கலாகவும் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகவும் வரும்படி செய்திருந்தாள். வந்து சேராத கட்டம் அதுவரை சாம்பல் நிறத்தில் நிற்கும். கண்ணை உறுத்தாது என்று அந்த நிறத்தை அவளே தேர்ந்தெடுத்திருந்தாள்.

"ஊருக்கே போய்ப் போட்டுப் பாத்துட்டு வாம்மா. ஆபீஸ் வைஃபையில எதுதான் ஓடாது?" என்று அனுப்பிவைத்தார் முதலாளி இருதயராஜ்.

விழுப்புரத்தில் பஸ் மாறி, திருவெண்ணெய்நல்லூரில் ஷேர் ஆட்டோ பிடித்து அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். ஊராட்சித் தலைவர் வெள்ளையம்மாள் ஊராட்சி ஆபீசில் அவளுக்காகக் கூட்டமே சேர்த்து வைத்திருந்தார். அதற்குக் காரணம் இருந்தது. ஏரியிலிருந்து போகும் வாய்க்கால் வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே வந்து, கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் போவதே நின்றுவிட்டது. கடைமடைக்காரர் மாரியப்பன் ஊராட்சி ஆபீசுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். வாய்க்கால் எங்கே போயிற்று என்று கேட்டால், கரையோரத்து நிலக்காரர்களில் ஒருவருக்கும் தெரியாது.

"மேல இருந்து எடுத்த படம் பொய் சொல்லாது இல்ல?" என்று கேட்டார் வெள்ளையம்மாள்.

"சொல்லாதுங்க. கொஞ்சம் மெதுவா வரும், அவ்ளோதான்."

சிக்னல் ஜன்னல் கம்பியருகே மட்டும்தான் இருந்தது. செண்பகத்தின் போனை ஒரு மஞ்சப்பையில் போட்டு அங்கே தொங்கவிட்டார்கள். அதிலிருந்து லேப்டாப்புக்கு இணைப்பு எடுத்ததும், புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் முதலில் பச்சையும் பழுப்புமாக ஒரு கலங்கல் வந்தது.

"கேப்பைக் களி கிண்டிக் கொட்டுனாப்பல கீது. இது நம்ம ஊரா, ஊறுகாயா?" என்றார் மாரியப்பன்.

பிறகு கட்டங்கள் ஒவ்வொன்றாகத் தெளியத் தொடங்கின. கோயில் வந்தது, ஏரிக்கரை வந்தது. வாய்க்கால் மெல்லிய கோடாக இறங்கி, ஒரு சாம்பல் கட்டத்தில் முட்டி நின்றது.

"வாய்க்கா நடுவுல அது இன்னாது, சதுரமா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

செண்பகம் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து கரையோரத்து நிலக்காரர் கண்ணையன் பிடரியைச் சொறிந்துகொண்டு எழுந்தார்.

"நம்ம மாட்டுக் கொட்டாதான். மழையில மாடு நனையுதேன்னு போட்டேன். எடுத்துடறேன்."

கூட்டம் திரும்பி அவரைப் பார்த்தது. "இல்லீங்க, அது இன்னும் லோடு ஆவல..." என்று ஆரம்பித்த செண்பகத்தின் மணிக்கட்டை வெள்ளையம்மாளின் கை இறுகப் பிடித்தது.

"நீ சும்மா இரு கண்ணு. அது பாட்டுக்கு வரட்டும்."

கீழே இன்னொரு சாம்பல் கட்டம் நின்றது. அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்த முனியம்மாள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னாத்துக்கு எல்லாரும் என்னையே பாக்கறீங்க? மல்லாட்டை காயவெக்க எடம் வேணாவா? களம் போட்டுக்கினேன். கொத்தி வுட்டா போச்சு."

அதுவரை அவரை யாரும் பார்க்கவே இல்லை.

அந்தக் கட்டங்களைச் சீக்கிரம் நிரப்பத்தான் செண்பகம் மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். இப்போதோ, இன்னும் கொஞ்சநேரம் சிக்னல் வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். காற்றில் மஞ்சப்பை ஆடியது. சிக்னல் வந்துவிட்டது.

கண்ணையனின் கட்டம் தெளிந்தது. அங்கே ஒரு வேப்பமரத்தின் தலைதான் இருந்தது. அவர் சுவர் வரை போய் உற்றுப் பார்த்தார்.

"கொட்டா எங்க?"

"மரத்துக்கு அடியில இருக்குதுங்க. மேல இருந்து பாத்தா தெரியாது."

"அப்ப சொல்லாமலே இருந்துருக்கலாம்" என்று அவர் உட்கார்ந்தார். முனியம்மாளின் வேர்க்கடலைக் களமும் கரை மண்ணின் நிறத்திலேயே கலந்துபோயிருந்தது. அவர் செண்பகத்தைப் பார்த்த பார்வை, எடையில் ஏமாற்றிய கடைக்காரனைப் பார்ப்பது போல் இருந்தது. கூட்டம் சிரித்தது. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்த வெள்ளையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதுவரை மங்கலாகவே இருந்த, ஏரிக்குப் பக்கத்துக் கட்டம்தான் கடைசியாகத் தெளிந்தது. வாய்க்காலின் நட்டநடுவில், நீலத் தகரக் கூரையோடு ஒரு மோட்டார் ஷெட். தகரத்தின் மடிப்பைக்கூட எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம்.

வெள்ளையம்மாளின் சிரிப்பு நின்றது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த அவர் கணவர் பாண்டுரங்கன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அது யாருதுங்க?" என்று மாரியப்பன் மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"நெட்டு ஸ்லோவா கீது போல. இன்னும் தெளிவா வந்தா தெரியும்" என்றார் பாண்டுரங்கன்.

"இதுக்கு மேல தெளிவா வராதுங்க" என்றாள் செண்பகம். தன் வேலையைப் பற்றி அவள் பெருமையாகச் சொன்ன சொல் அது. சொன்ன பிறகுதான் எல்லோரும் வெள்ளையம்மாளையே பார்ப்பது உறைத்தது.

வெள்ளையம்மாள் எழுந்தார். "ஜேசிபிக்குச் சொல்லிடுங்க. மொதல்ல நம்ம ஷெட்டுல ஆரம்பிக்கட்டும்."

"ஏய், இன்னா பேசறே..." என்று பாண்டுரங்கன் எழுந்தார்.

"தலைவர் நானா, நீயா?"

அந்த ஊரில் அதுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாத விஷயம் அது. பாண்டுரங்கன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, ஷெட்டிலிருந்து மோட்டாரைக் கழற்றப் போனார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு மாரியப்பன் போன் செய்தார்.

"மேடம், தண்ணி வந்துட்சு."

செண்பகத்துக்குச் சந்தோஷமாக இருந்தது.

"வந்ததுதான் பேஜாரு. வெளிய போவ வழியில்ல. நெல்லு முழுவிக்கினு கெடக்குது. ஜல்தியா உங்க படத்துல பாத்து, வடிகால் எங்க அடைச்சிருக்குதுன்னு சொல்லுங்க."

"பாக்கறேங்க. உங்க வயலுக்குக் கீழ, வடிகால் போற எடத்துல யாரு நெலம்?"

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"அதுவும் நம்முதுதான்" என்றார் மாரியப்பன்.