படங்கில் பதினேழு ஓட்டைகள்

1

இது கதையாகத் தொடங்கியதல்ல. எங்கள் வாசிகசாலை ஆண்டு மலருக்கு "வேலை தேடுவோருக்குப் பத்து யோசனைகள்" என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் அபூதாஹிர் கேட்டார். தேயிலை ஏற்றும் கம்பெனி ஒன்றின் கேற்றடியில் இருபத்தாறு வருஷம் காவலாளியாகக் கதிரை போட்டு இருந்தவன் நான். வேலை கேட்டு வந்தவர்களை எல்லாம் உள்ளே விட்டவன் என்று அவர் நினைத்துக்கொண்டார். விட்டது கொஞ்சப் பேரை. துரத்தியதுதான் கூட.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குப் பத்து யோசனை எழுதுவது பெரிய பாடு. எழுதி முடித்து மறுநாள் வாசித்துப் பார்த்தேன்.

முதலாவது: விடியவே போ. (போய் என்ன? கேற்றைத் திறக்கிறவன் நான். ஏழரைக்குத்தான் திறப்பேன்.)

மூன்றாவது: வெளுத்த சேட் போட்டுக்கொண்டு போ. (வெளுத்த சேட்டோடு வந்த இரண்டு பேர்தான் சாக்கைத் திருடிக்கொண்டு போனவர்கள்.)

ஆறாவது: பெரிய மனிதர் ஒருவரிடம் கடிதம் வாங்கு. (அவர் போன கிழமை இன்னும் நாலு பேருக்கு அதே கடிதத்தைக் கொடுத்திருப்பார்.)

இப்படி ஒன்பதை வெட்டினேன். ஒன்றுதான் மிஞ்சியது. அதை மட்டும் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். வேறொருவன் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். அதைச் செய்து காட்டிய ஆளையும் கூடவே நிறுத்தவேண்டும். அந்த ஆளின் பேர் பற்றிக்.

2

தொடக்கம் மூன்று தரம் எழுதினேன்.

"திருகோணமலைத் துறைமுகத்தின் நீல அலைகள்—"

இல்லை. கேற்றடியிலிருந்து பார்த்தால் அலை தெரியாது. எதிர்ச் சுவர்தான் தெரியும்.

"பற்றிக் ஓர் ஏழைத் தொழிலாளி. அவனுடைய கண்களில்—"

கண்ணை நான் பார்க்கவில்லை. காவலாளி பார்ப்பது கையை.

"வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன அந்த வருஷக் கடைசியில், ஓர்ஸ் ஹில் பக்கமிருந்து ஒருவன் எங்கள் கேற்றடிக்கு வந்து நின்றான்."

இது இருக்கட்டும்.

பதினான்கு வருஷம் தளத்தில் படங்கு தைத்தவன் அவன். சரக்கை மழைக்கு மூடுகிற அந்தத் தடித்த சீலையை வீட்டு ஊசியால் தைக்க ஏலாது. உள்ளங்கையில் தோலைக் கட்டிக்கொண்டு பெரிய ஊசியை நெட்டித் தள்ளவேண்டும். தளம் மூடியதும் வேலை போனது. மனைவி மாகிரட்டின் தமையன் பேணாட்டுக்குச் சாம்பல்தீவில் கரைவலை இருந்தது. "மாசம் முடியுமட்டும் பாருங்கோ மச்சான். பிறகு நான் வண்டிலோட வருவன். குடும்பத்தோட வந்து என்ரை வலையை இழுங்கோ" என்று சொல்லிவிட்டிருந்தார்.

வலை இழுப்பது கேவலமில்லை. ஆனால் கல்யாண வீட்டில் வைத்தே "ஊசி பிடிக்கிறவனுக்கோ எங்கட பிள்ளையைக் குடுக்கிறது?" என்று கேட்டவர் பேணாட். பற்றிக்குக் கடலில் பயமில்லை. காலம் முழுவதும் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு சோறு தின்பதுதான் பயம். மாதம் முடிய ஆறு நாள் இருந்தது.

(இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். பிறகு அவனே சொன்னான். கொஞ்சம் நான் கூட்டியும் இருப்பேன். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.)

3

திங்கட்கிழமை கேற்றுக்கு இடப்பக்கமாக வந்து நின்றான். வலது கை பொத்தியபடி இருந்தது. காவலாளி எழும்பிப் போனான். (காவலாளி என்றே எழுதுகிறேன். "நான்" என்று எழுதினால் என்னை நல்லவனாக்கிவிடுவேன்.)

"ஆரைப் பார்க்கோணும்?"

"ஒருத்தரையும் இல்லை, காக்கா." (முஸ்லிம் ஆளை அண்ணன் என்கிற மாதிரி எங்கள் பக்கம் காக்கா என்பார்கள்.)

"அப்ப ஏன் நிக்கிறீர்?"

"கூப்பிட்டாப் போவன்."

"ஆர் கூப்பிடுறது?"

பற்றிக்குக் கேள்வியே விளங்கவில்லை. தளத்தில் காலையில் கேற்றடியில் நம்பர் போட்ட பித்தளை வில்லையோடு வரிசையில் நிற்பார்கள். நம்பரைக் கூப்பிட்டால்தான் அசையலாம். வரிசையில் வாய் திறந்தவனுக்கு அன்றைய வேலை இல்லை. பதினான்கு வருஷம் அவன் அப்படித்தான் வேலைக்குப் போனவன். கடைசி நாளில் வில்லையைத் திருப்பி வாங்க ஒருவரும் இருக்கவில்லை. முந்நூற்றுப் பதினெட்டு. அதைக் கையில் பொத்திக்கொண்டு, ஒரே ஒரு ஆள் வரிசையாக, அவன் நின்றான்.

செவ்வாயும் நின்றான். புதனும். தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறிகள் அவனுக்குப் பக்கத்தில் வேகம் குறைத்துத் திரும்பும். ஒவ்வொன்றையும் உற்றுப் பார்ப்பான். வாய் அசையும். இவன் திருடருக்குச் சரக்கு எண்ணிக் கொடுக்க வந்தவன் என்று காவலாளி முடிவுகட்டி, பின்னேரத்தில் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.

(அவன் எண்ணினான் என்பது சரி. எதை என்பதில்தான் காவலாளி பிழை விட்டான்.)

4

வியாழக்கிழமை பெரிய மழை வந்தது. லொறியில் படங்கு கிழிந்து பெட்டிகள் நனையத் தொடங்கின. பற்றிக் பாய்ந்து ஏறி, ஊசியை எடுத்து—

வெட்டினேன். அந்தக் கிழமை மழையே இல்லை. தேவைப்பட்ட நேரத்தில் வருகிற மழையைக் கதைக்காரர் நம்பலாம், வேலை தேடுகிறவன் நம்பக்கூடாது.

மழைக்குப் பதிலாக வெள்ளிக்கிழமை மத்தியானம் மாகிரட் வந்தாள். கையில் சோற்றுப் பார்சல்.

"இஞ்ச என்ன செய்யிறியள்?"

"நிக்கிறன்."

"நிக்கிறது தெரியுது. வாயைத் திறந்து கேட்டனீங்களோ?"

"இன்னும் கூப்பிடயில்லை." கையை விரித்து வில்லையைக் காட்டினான்.

"உந்த நம்பரைக் கூப்பிடுற ஆக்கள் கப்பலேறிப் போட்டினம். இனி இங்கிலாந்திலயிருந்து கத்தினாத்தான் உங்களுக்குக் கேக்கும்."

காவலாளி சிரித்துவிட்டான். அவள் சடாரென்று திரும்பினாள். "சிரியுங்கோ காக்கா. அஞ்சு நாளாப் பாத்துக்கொண்டிருந்து நீங்களும் ஒரு வார்த்தை சொல்லயில்லைத்தானே?"

காவலாளி கதிரையைத் தூக்கி நிழலுக்குள் போட்டான்.

"நாளைக்கு அண்ணன் வண்டிலோட வந்திடுவார்" என்றாள், சோற்றுப் பார்சலைப் புருஷன் கையில் கொடுத்தபடி. குரல் இறங்கியிருந்தது. "அஞ்சு நாளும் உதில நிண்டு என்னத்தைத்தான் பாத்தனீங்கள்?"

"படங்கை."

"என்ன?"

"பதினேழு ஓட்டை, மாகிரட். ஒண்டைத் தாரால ஒட்டி வைச்சிருக்கிறாங்கள், விசரங்கள்."

அவள் சோற்றுப் பார்சலை அவன் கையிலிருந்து திருப்பிப் பறித்தாள். "இதைப் போய் உள்ளுக்குச் சொல்லிப்போட்டு வந்து தின்னுங்கோ."

காவலாளி கேற்றைத் திறந்தான். ஏன் திறந்தான்? இரக்கம் என்று எழுதினேன், வெட்டினேன். நீதி என்று எழுதினேன், அதையும் வெட்டினேன். மாகிரட்டுக்குப் பயம். அவ்வளவுதான்.

5

பெரிய கிளாக்கர் பாக்கியரத்தினம் தலை நிமிரவில்லை.

"வேலை இல்லை."

"நான் வேலை கேக்க வரயில்லை, ஐயா."

பதினான்கு வருஷத்தில் கூப்பிடாமல் அவன் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"உங்கட லொறிப் படங்குகளில பதினேழு ஓட்டை. மூண்டாம் லொறியில நடுவில தார் பூசி ஒட்டியிருக்கு. வெயிலுக்கு அது உரிஞ்சு போம். நனைஞ்ச பெட்டியைக் கப்பல்காரன் எடுப்பானோ?"

பாக்கியரத்தினம் பேனையை வைத்தார். போன மாதம் கப்பலிலிருந்து பூஞ்சணம் பிடித்த பெட்டிகள் திரும்பி வந்து, மனேஜரிடம் ஏச்சு வாங்கியவர் அவர்தான்.

"உமக்கு ஆர் சொன்னது?"

"அஞ்சு நாள் கேற்றடியில நிண்டு எண்ணினனான்."

"தைக்க எத்தினை நாள் செல்லும்?"

"நாலு நாள். ஊசி என்னட்டை இருக்கு. நூலும் மெழுகும் நீங்கள் தரோணும்."

"பேர்?"

முந்நூற்று என்று நாக்கு எழும்பியது. விழுங்கினான்.

"பற்றிக். சூசைப்பிள்ளை பற்றிக்."

நாலு நாள் வேலை பதினெட்டு வருஷம் நீண்டது. ஆனால் எனக்குப் பிடித்தது மறுநாள் சனிக்கிழமைதான். பேணாட் வண்டிலோடு கேற்றடிக்கே வந்துவிட்டார். உள்ளே மலைபோல் குவிந்த படங்குக்கு மேல் குந்தியிருந்தான் பற்றிக், உள்ளங்கையில் தோல், பல்லிடுக்கில் நூல். கம்பெனி முழுக்கக் கேட்கக் கத்தினான்:

"மச்சான்! வெறும் வண்டிலோ கொண்டு வந்தனீங்கள்? உங்கட வலையையும் போட்டுக் கொண்டு வந்திருந்தா, ஓட்டை பாத்துத் தந்திருப்பனே!"

காவலாளி அன்று கதிரையிலிருந்து விழுந்து சிரித்தான். இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை.

6

ஆக, மிஞ்சிய யோசனை இதுதான்: வேலை இருக்கிறதா என்று கேட்காதே. அங்கே செய்யாமல் கிடக்கிற வேலை எது என்று பார். எண்ணு. எண்ணியதை வாய் திறந்து சொல்லு. ஐந்து நாள் நிற்கத் தேவையில்லை, ஒரு நாள் போதும்.

முடிவு எங்கே என்று அபூதாஹிர் கேட்கிறார். அந்த வில்லை என்ன ஆனது என்று ஒரு வரியாவது வேண்டுமாம். கடலில் எறிந்தான் என்று முடித்தால் மலருக்கு அழகாக இருக்கும். நல்ல பித்தளையை எவன் எறிவான்? மாகிரட் அதை அலுமாரியைப் பூட்டுகிற திறப்போடு கோர்த்தாள் என்றும் வைக்கலாம். நான் அவனைக் கேட்கவில்லை. அது இந்தக் கதையில் ஒரு ஓட்டை. இன்னும் இருக்கின்றன, எனக்குத் தெரிந்தே சிலதைத் தைக்காமல் விட்டிருக்கிறேன்.

எண்ணிக்கொண்டு வாருங்கள். கேற்று உங்களுக்கு முன்னால் இருக்கிறது. கதிரையில் இருக்கிற கிழவன் லேசில் யாரையும் நம்பமாட்டான், உங்களைக் கூப்பிடவும் மாட்டான். ஒன்று மட்டும் கேட்பான். மிச்சத்தை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

"ஆரைப் பார்க்கோணும்?"